வாயை மட்டும் அசை

சங்கீதம் தெரியாதவள் சங்கீதப் பள்ளி நடத்தலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஆஸ்பத்திரி முதலாளிகள் எல்லாரும் ஆபரேஷன் செய்கிறார்களா என்ன? ஃபேரர் பார்க்கில், ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில், என் பள்ளி இன்றைக்கும் இருக்கிறது. கடன் என்னுடையது, பெயர்ப்பலகையும் பாடத்திட்டமும் தலைமை அலுவலகத்துடையவை. ஃபிரான்சைஸ் என்றால் அதுதான். கப்பல் சரக்குக் கம்பெனியில் வெகுகாலம் குப்பை கொட்டிவிட்டு, ஆட்குறைப்பில் வெளியே வந்தபோது கையில் கொடுத்ததை இதில் போட்டேன். முதலில் டியூஷன் சென்டர்தான் கேட்டேன். அந்த வட்டாரத்தை வேறொருவர் எடுத்துவிட்டார், மியூசிக்தான் மிச்சம் என்றார்கள். சரி, கொடுங்கள் என்றேன்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றாள் என் நாத்தனார், திறப்பு விழா அன்றே, நான் கொடுத்த பாயசத்தைக் குடித்துக்கொண்டே. கழுதைதான், சரி. பொதி சுமப்பது யாராம்? வாடகை, ஏர்கான் ரிப்பேர், வகுப்பு அட்டவணை, பிள்ளைக்குக் காய்ச்சல், கிளாஸை மாற்றிக் கொடுங்கள் என்று பொழுது விடிவதற்குள் வரும் போன், எல்லாம் என் முதுகில்தான். இதில் கற்பூரத்தை வேறு முகர்ந்து பார்க்க எனக்கு ஏது நேரம்?

எனக்கும் சங்கீதத்துக்கும் இருந்த ஒரே சம்பந்தத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கப்பள்ளியில் தேசிய தினத்துக்கு எங்கள் வகுப்பு மொத்தமும் மேடையேறிப் பாடியது. ஒத்திகையில் ஆசிரியை ஒவ்வொருவர் வாயருகிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். "நீ வாய மட்டும் அசை" என்றார். திட்டக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் அசைத்தேன். மற்றவர்களைவிடப் பெரிதாக வாயைத் திறந்தேன், புருவத்தைத் தூக்கினேன். கீழே உட்கார்ந்திருந்த அம்மா கைவலிக்கக் கைதட்டினார். அதற்குப் பிறகு நான் குளியலறையில்கூடப் பாடியதில்லை.

எங்கள் வாய்ப்பாட்டு டீச்சர் கெட்டிக்காரர். சென்னையில் முறையாகப் படித்தவர். பிள்ளைகளில் பாதிப்பேர் அவருக்காகவே வந்தவர்கள். ஒரு வருஷம் நவராத்திரிக்குக் கோயில் மேடையில் பாட எங்களுக்கு ஒரு நாள் மாலை நேரம் கிடைத்தது. கிடைக்காதது கிடைத்த மாதிரி எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மேடை அகலத்துக்கு ஒரு வரிசையில் எத்தனை பேர் உட்கார முடியும் என்று பார்க்கத்தான் நான் உள்ளே போனேன், கையில் அளவு நாடாவோடு.

இரண்டாவது வரிசை ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. பிடோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்து வருகிறவள், அம்மா நர்ஸ். ஒரு வகுப்பைக்கூட விடமாட்டாள். வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. அன்றைக்கு எல்லாரைவிடவும் பெரிதாக வாயைத் திறந்திருந்தாள். புருவம் இரண்டும் மேலே போயிருந்தன. தொண்டை மட்டும் அசையவே இல்லை. பாடுகிறவர்கள் அவ்வளவு பெரிதாக வாயைத் திறப்பதில்லை. அது எனக்குத் தெரியும்.

இடைவேளையில் அவளைத் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஏன்டி, நீ பாடலயா?"

"டீச்சர் சும்மா வாய மட்டும் மூவ் பண்ணச் சொன்னாங்க ஆன்டி. சவுண்ட் வேணாமாம். கோயில் ஷோவுக்கு மட்டும்தான்." பாட்டிலை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்டி. அவங்க லீவு போட்டுட்டு வர்றாங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே டீச்சரிடம் போனேன்.

"அவளுக்குச் சுருதியே சேரல மேடம்" என்றார் அவர். "நானும் எவ்வளவோ பாத்துட்டேன். கோயில்ல பெரியவங்கல்லாம் உக்காந்திருப்பாங்க. மத்த பிள்ளைங்க உழைப்பெல்லாம் வீணாப் போகணுமா? நான் ஒண்ணும் அவள வெளிய தள்ளலயே. மேடையில உக்கார வச்சிருக்கேன்ல?"

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நியாயத்தை நான் ஒரு ஆயுசுக்கும் அனுபவித்தாயிற்று.

"அவ பாடுவா டீச்சர். அவ பாடலேன்னா யாரும் பாட வேணாம்."

"உங்களுக்குச் சங்கீதம் தெரியாது. தெரியாத விஷயத்துல தலையிடாதீங்க."

"தெரியாதுதான். ஆனா வாய மட்டும் அசைக்கிறது எப்படின்னு எனக்கு நல்லாத் தெரியும். அத என் இடத்துல யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேணாம்."

அவர் எலக்ட்ரானிக் தம்பூராப் பெட்டியை நிறுத்திப் பையில் வைத்தார். "அப்ப வேற டீச்சரப் பாத்துக்கோங்க."

மறுநாளே, தலைமை அலுவலகத்தில் எங்கள் கிளையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போன் செய்தார். "அக்கா, அவங்க போனா பிராஞ்சே போயிடும் லா. ஒரு சாரி சொல்லிடுங்க. ஒரே ஒரு பிள்ளைக்காகவா?"

"அந்த ஒரு பிள்ளைகிட்டயும் ஃபீஸ் வாங்கியிருக்கோம்ல தம்பி? பாட்டுக்குத்தானே வாங்கினோம்? வாய அசைக்கிறதுக்குன்னு தனி ரேட்டு இருந்தா சொல்லுங்க."

பயமில்லாமல் இல்லை. பள்ளியை மூடினால் போட்டதெல்லாம் போச்சு. இந்த வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? டீச்சரோடு பாதிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். நாத்தனார் கூப்பிட்டு, "நான் அப்பவே சொல்லல?" என்றாள். "கழுதைக்கு உதைக்கவும் தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கோயிலில் இரண்டு வரிசை போட வேண்டிய இடத்தில் ஒரே வரிசைதான். அளவு நாடாவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எங்கள் பள்ளியில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் பையன் சின்ன வயதில் பாட்டுப் படித்தவனாம். அவனே முன்னால் உட்கார்ந்து தாளம் போட்டான். அந்தப் பெண்ணை ஓரத்தில் வைக்கவில்லை. மைக்குக்கு முன்னால் நடுவில் உட்கார வைத்தேன். அவள் அம்மா பட்டுப்புடவையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டு ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சரியா தப்பா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் முன்வரிசையில் தலைகள் திரும்பின. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் உச்சுக் கொட்டினார்.

"யாருங்க அந்த நடுவுல இருக்கற பொண்ணு? சுருதி எங்கயோ போகுதே. இதெல்லாம் யாரும் கவனிக்கறதில்லையா?"

"எங்க பொண்ணுதாங்க" என்றேன். "இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கா. கத்துக்கத்தானே பள்ளிக்கூடம்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொள்ளட்டும். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. புருவம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

முடிந்ததும் சுண்டல் பொட்டலத்தோடு என்னிடம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஆன்டி, நான் கரெக்டா பாடினேனா?"

"எனக்கென்னடி தெரியும்? எனக்குத்தான் பாட்டே தெரியாதே" என்றேன். "ஆனா உன் குரல் வெளிய செருப்பு விடுற இடம் வரைக்கும் கேட்டிருக்கும்."

சுண்டல் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு: "அம்மா! செருப்பு ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டுச்சாம்மா!"