செபஸ்தியான் அண்ணனும் சிவப்புக் கயிறும்

செய்தி வந்தபோது நான் திண்டுக்கல் பஸ் நிலையத்தில், பழனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். போனில் பேசியது அண்ணனின் மனைவி, மதினி. "தம்பி, அண்ணன் போயிட்டாரு. காலைல காப்பி கேட்டாரு. கொண்டாந்து வைக்கிறதுக்குள்ள சாஞ்சுட்டாரு." நான் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். கண்டக்டர் ஏதோ கேட்டார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

செபஸ்தியான் அண்ணனைப் பெரும்பாலோருக்கு மோட்டார் பம்ப் மெக்கானிக்காகத் தெரியும். நம் மீட்புக் குழுவில் இருந்தவர்களுக்கு அவர் படகுக்காரர். மழைக்காலத்தில் எங்காவது வெள்ளம் வந்தால் உதவப் போகலாம் என்று நாம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு பழைய ரப்பர் படகையும், அதன் பின்புறம் மாட்டும் சின்ன மோட்டாரையும் வாங்கியபோது, அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். உங்களில் பலருக்கு அவர் காலில் இருந்த தழும்பும், அது எப்படி வந்தது என்று அவர் சொல்லும் கதையும் தெரியும். அந்தக் கதையில் அவர் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பயிற்சி ஆத்தூர் அணையில் நடந்தது. மோட்டாரில் சுருள் சுருளான ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. அது எதற்கு என்று கேட்டேன். கயிற்றின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் மாட்டினார். மறுமுனையில் இருந்த சின்ன பிளாஸ்டிக் கிளிப்பை மோட்டாரில் இருந்த சுவிட்சின் பொத்தானுக்கு அடியில் செருகினார். மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து அதை ஓடவிட்டார். பிறகு கையை வெடுக்கென்று இழுத்தார். கிளிப் கழன்றது, பொத்தான் உள்ளே போனது, மோட்டார் அந்த நொடியே நின்றது.

"கிளிப் இருந்தாத்தான் மோட்டார் பிளக்குல தீப்பொறி அடிக்கும். கழண்டா பொறி செத்துப்போகும். ஓட்டுறவன் தண்ணிக்குள்ள விழுந்தா கயிறு அவன் கூடவே போயி கிளிப்பை உருவிரும். மோட்டாரும் நின்னுரும். அம்புட்டுத்தான்."

"நிக்காட்டி என்னண்ணே, படகு தானாப் போயி கரையில முட்டும்."

"போகாதுப்பா. கைப்பிடியை விட்டா மோட்டார் ஒரு பக்கமாத் திரும்பிக்கிரும். படகு வட்டமடிச்சு, விழுந்தவன் கெடக்குற எடத்துக்கே வரும். அடியில மோட்டாரோட விசிறி காத்தாடி மாதிரி சுத்திக்கிட்டு வரும்ல, அதை நெனச்சுப் பாரு."

நான் நினைத்துப் பார்க்கவில்லை. குனியும்போதெல்லாம் கயிறு இழுபட்டு மோட்டார் நின்றுபோவது எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன், மழைக்கு முந்தைய பயிற்சி நாளில், அந்தக் கயிற்றை நான் வீட்டு மாடியிலேயே விட்டுவிட்டு வந்தேன். லைஃப் ஜாக்கெட்டுகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். அவற்றோடு கயிறும் கிடந்தது. கிளிப் இல்லாமல் மோட்டார் கிளம்பாது. கரையில் கிடந்த ஒரு பழைய செருப்பின் வாரை வெட்டிப் பொத்தானுக்கு அடியில் திணித்தேன். மோட்டார் கிளம்பிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அண்ணன் வந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"கயிறு எங்கப்பா?"

"வீட்டுல கெடக்குண்ணே. ஒரு சுத்துதான, செத்த நேரம்."

அவர் செருப்பு வாரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். கரையில் எல்லோரும் காத்திருந்தார்கள். அப்படியே உட்கார்ந்து படகைத் திருப்பினார்.

தண்ணீருக்குள் ஒரு மரத்தின் அடிக்கட்டை இருந்திருக்கிறது. மோதியதில் அண்ணன் வெளியே போய் விழுந்தார். முன்னால் இருந்த நான் படகுக்குள்ளேயே குப்புற விழுந்தேன். படகு தானாக வளைந்து திரும்பியது. அவர் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. படகு நேராக அவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் தவழ்ந்து பின்பக்கம் போய்ச் செருப்பு வாரைப் பிடுங்கி எறிவதற்குள் அவர் ஒருமுறை கத்தினார். மோட்டார் நின்றபோது தண்ணீர் சிவந்திருந்தது.

கெண்டைக்கால் சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். குழுவுக்குத் தலைவராக இருந்த பாண்டியராஜன் சார் கட்டிலருகே வந்து, "விபத்து அறிக்கையில சுவிட்ச் வேலை செய்யலன்னு எழுதிருவோம் செபஸ்தியான். யாருக்கும் சங்கடம் இல்ல" என்றார். நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"சுவிட்ச் நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றார் அண்ணன். "கயிறு மாட்டாம ஓட்டுனது நான். அப்படியே எழுதுங்க."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கம்பு ஊன்றி நடந்து வந்த முதல் நாளே இன்னொரு கிளிப் வாங்கிப் படகிலேயே கட்டித் தொங்கவிட்டார். ஓட்டுபவர் கயிற்றோடு விழுந்துவிட்டால், மற்றவர்கள் மோட்டாரைக் கிளப்பி அவரைத் தூக்க வேண்டுமே, அதற்காக. பிறகு வந்த வெள்ளத்தில் அதுவே நடந்தது. ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வரும்போது தண்ணீரின் இழுப்பில் படகு சாய்ந்து அண்ணன் விழுந்தார். மோட்டார் சட்டென்று நின்றது. நான் அந்தக் கிளிப்பைச் செருகிக் கிளப்பி, அவர் பக்கம் போய், மோட்டாரை நிறுத்திவிட்டு அவரைத் தூக்கினேன். வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "பிள்ளைக நல்லா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஒவ்வொரு பயிற்சியிலும் வேட்டியை மடித்துத் தழும்பைக் காட்டுவார். "கயிறு மாட்டலைன்னா இதுதான். நான் மாட்டல." கூட்டத்தின் பின்வரிசையில் நான் நின்றிருப்பேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மதினியைப் பார்க்கப் போனேன். கயிற்றை விட்டுவிட்டு வந்ததும், செருப்பு வாரைத் திணித்ததும் நான்தான் என்று சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாரு தம்பி. எனக்குக் கோவமாத்தான் இருந்துச்சு. உங்க வீட்டுக்கு வந்து நாக்கைப் புடுங்குற மாதிரி கேக்கணும்னு இருந்தேன். அவருதான் விடல. 'செருப்பு வாரைப் பாத்துட்டுத்தான ஒக்காந்தேன், எறங்கியிருக்கலாம்ல'ன்னாரு. 'அவனா ஒருநாள் சொல்லுவான், நீ கேட்டுறாத'ன்னாரு."

பிறகு கேட்டார்: "அவருகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

வாரத்தில் மூன்று நாள் அண்ணன் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஒருநாளும் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. என் முகத்தில் அதைத் தேடியதுமில்லை. தன் பங்குக்கு உரியதை முழுதாக ஏற்றுக்கொண்டு, என் பங்கை எனக்கே விட்டுவைத்திருந்தார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பொறுமை. இவ்வளவு தாமதமாகத்தான் அதன் எடை தெரிகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரில் பயிற்சி. புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையை இனி நான்தான் சொல்ல வேண்டும். என் பெயரையும் சேர்த்துச் சொல்வேன்.