நிரோஜாவுக்கு நான் குடுத்த அட்ரஸ்

எங்க ஷூ கம்பெனியில நான் சொல்யூஷன் தடவி தோல ஒட்டிக் குடுப்பேன். எதிர் மிஷின்ல நிரோஜா தைப்பா. அவ மிதிச்சான்னா ஏரோப்ளேன் கெளம்புற சத்தம் வரும், சூப்பர்வைசர் தலமுடி பறக்கும். ஆம்பூர் பக்கத்துல இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்ல பொறந்த பொண்ணு. அப்பா அம்மா போட்ல வந்தவங்க. இவ கடலையே பாத்ததில்ல.

போன வருஷம் பன்னெண்டாவது பரீட்ச எழுதின கையோட மிஷினுக்கு வந்தவ, ஐநூத்தி நாப்பத்தோரு மார்க் வாங்கினா. நான் அஞ்சாவதுல வாங்கின மார்க்க பூதக்கண்ணாடி வச்சுத்தான் தேடணும்.

"பி.காம் படிக்கணும் சம்பத்தண்ணா"ன்னா.

"படி. ஆடிட்டர் ஆயிட்டு என்ன வாட்ச்மேனா வச்சுக்கோ."

"நீங்க தூங்கிடுவீங்கண்ணா."

காலேஜுக்கு அப்ளிகேஷன் போட ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் பிரவுசிங் சென்டர் போனோம். கம்ப்யூட்டர்ல அந்தக் கடைப் பையன் நவீன்குமார். அட்ரஸ் கேட்டான். அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் பூந்தேன். "எங்க வீட்டு அட்ரஸ் போடு தம்பி. முகாம்னா ஒரு தினுசா பாப்பானுங்க."

"இல்லண்ணா, முகாம் புள்ளைங்களுக்குன்னு தனி சீட்டு இருக்குதாம். டீச்சர் சொன்னாங்க."

"இந்த மார்க்குக்கு தனி சீட்டு இன்னாத்துக்கு? பிரின்சிபாலே பேண்டு வாத்தியத்தோட வருவாரு!"

நவீன்குமார் சிரிச்சான். அவளும் சிரிச்சிட்டா. முகாமான்னு கேட்ட எடத்துல 'இல்ல'ன்னு அடிச்சுட்டோம்.

காலேஜ்லருந்து கூப்ட்டாங்க. லீவு போட்டுட்டு நானும் கூடப் போனேன். அங்க சர்ட்டிபிகேட் பாக்கற மேடம் எல்லாத்தையும் பொரட்டினாங்க. பாரத்துல என் வீடு, அடையாள அட்டையில முகாம்.

"இன்னாம்மா, இதுல ஒண்ணு இருக்குது, அதுல ஒண்ணு இருக்குது? முகாம்னு போட்டிருந்தா முந்தாநேத்தே சீட்டு குடுத்திருப்போமே. இப்ப அந்த சீட்டு ரொம்பிப்போச்சு. பாரம் ஒண்ணு, அட்டை ஒண்ணுன்னா பொது சீட்டுலயும் சேத்துக்க முடியாது."

"நான்தாம்மா மாத்தச் சொன்னேன். பொண்ணு மேல தப்பில்ல."

"நீங்க யாரு?"

"கூட வேல செய்யறவன்"னு மூணே வார்த்த சொன்னேன் நான். ரேடியோவ முழுங்கினவன்னு கம்பெனியில பேரு.

எங்க லைன்ல ஒவ்வொரு தோல் கட்டுக்கும் சைஸ் எழுதின டிக்கெட் உண்டு. டிக்கெட்ல ஏழாம் நம்பர், கட்டுல எட்டாம் நம்பர் தோல்னா மொத்தமும் ரிஜெக்ட். பதினாறு வருஷமா அதத்தான் பாக்கறேன். அவ விஷயத்துல பாக்கல.

பஸ்ல "திட்டிடும்மா"ன்னேன்.

"காலேஜுக்குன்னு அப்பா பேக் வாங்கி வச்சிட்டாருண்ணா. அதான் யோசிக்கறேன்."

அவங்கப்பா பெயிண்ட் அடிக்கப் போறவரு.

மறுநாள் அந்த நீல பேக்க மாட்டிக்கினு வேலைக்கு வந்தா. உள்ள டிபன் பாக்ஸ். ஒரு வருஷம் பூரா அந்த பேக் என் கண்ணு முன்னாடி ஆணியில தொங்குச்சு. மலை சைஸு. அவ ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா எனக்கு ரெண்டு இட்லி ஜாஸ்தி எறங்கியிருக்கும்.

இந்த வருஷம் மறுபடி அப்ளிகேஷன் வந்துச்சு.

"நானும் வரட்டாம்மா?"

"வாங்கண்ணா. வாய மட்டும் வீட்ல வச்சிட்டு வாங்க."

போனேன். உள்ள போகாம வாசப்படியிலயே நின்னேன். நவீன்குமார் என்ன எட்டிப் பாத்துட்டு, "அட்ரஸ்?"னான்.

"இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம், பதினேழாம் நம்பர் வீடு"ன்னா நிரோஜா. மெதுவாத்தான் சொன்னா. எனக்கு வாணியம்பாடி வரைக்கும் கேட்ட மாதிரி இருந்துச்சு.