என் அழுகையைப் பிரபலமாக்கியவர்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் நான் வேதியியலில் தேறவில்லை. நடந்தது அவ்வளவுதான். முடிவு வந்த அன்று பள்ளிக்கூட வாசலில் நின்று, பதினேழு வயதுப் பெண் எப்படி அழுவாளோ அப்படி அழுதேன். மூக்கு ஒழுகியது. விக்கல் வேறு.

அப்போது என் முகத்துக்கு நேரே ஒரு மைக் நீண்டது. தூத்துக்குடிச் செய்திகளுக்கென்று புதிதாக யூடியூப் சேனல் தொடங்கியிருந்த ஓர் இளைஞர். முதல் மதிப்பெண் எடுத்த மாணவியைப் பேட்டி எடுக்க வந்தவர். அவள் பெற்றோரோடு கோயிலுக்குப் போய்விட்டாள். அவர் கையில் அகப்பட்டது நான்.

"என்னம்மா, பரீட்ச சரியா எழுதலியா?"

"நான் நல்லாத்தான் எழுதுனேன். பேப்பருதான் சரியில்ல."

வினாத்தாள் கடினமாக இருந்தது என்று சொல்ல வந்தேன். விக்கலுக்கு நடுவே வாயில் வந்தது அப்படி. அவர் சிரித்தார். சிரித்ததில் கேமரா குலுங்கியது. அந்தக் குலுங்கலோடு சேர்த்தே அன்று சாயங்காலம் அதை ஊருக்குப் போட்டுவிட்டார். பெயர் கேட்கவில்லை, போடட்டுமா என்று கேட்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கித் தரவும் தோன்றவில்லை.

ஒரு வாரத்துக்குள் நான் தமிழ்நாட்டின் பொதுச் சொத்தாகிவிட்டேன். கிரிக்கெட்டில் நம் அணி தோற்றால் என் முகம். பெரிய நடிகரின் படம் ஓடாவிட்டால் என் முகம். தேர்தலில் யாருக்காவது டெபாசிட் போனால் அந்தக் கட்சிக் கொடியை என் தலையில் கட்டி அழ விட்டார்கள். எங்கே எது தோற்றாலும் அழுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்து வந்த துணைத்தேர்விலேயே நான் தேறினேன், நல்ல மதிப்பெண்ணோடு. அதைக் கேட்டுக்கொண்டு ஒருவரும் மைக்கோடு வரவில்லை.

மில்லர்புரத்தில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. வாடிக்கையாளர்கள் அங்கே வந்து நின்றுகொண்டு, "மாவு நல்லாத்தான் ஆட்டுனேன் அண்ணாச்சி, உளுந்துதான் சரியில்ல" என்பார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அப்பா தலையைக் குனிந்து பருப்பு நிறுப்பார். நான் கடைப் பக்கம் போவதை நிறுத்தினேன். பிறகு தெருவில் இறங்குவதையும் நிறுத்தினேன். கல்லூரியில் சேர வேண்டிய ஆண்டு வீட்டுக்குள்ளேயே போயிற்று. அடுத்த ஆண்டு அப்பாதான் வற்புறுத்தி பி.காம். சேர்த்துவிட்டார். அங்கே உள்தேர்வில் எனக்கு மதிப்பெண் குறைந்தபோது, ஒரு விரிவுரையாளர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "பேப்பர் சரியில்லையோ?" என்றார். படித்தவர். அவருக்கும் என் வயதில் ஒரு மகள் இருந்தாள்.

பெண் பார்க்க வந்தவர்களும் விட்டு வைக்கவில்லை. மாப்பிள்ளையின் தங்கை, நான் காப்பித் தட்டை நீட்டும்போது, "அக்கா, அத ஒரு தடவ சொல்லிக் காட்டுங்களேன்" என்று கேட்டாள். கையில் போன் தயாராக இருந்தது. நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சம்பந்தம் முறிந்தது. அன்று அம்மாவுக்கு வந்த கோபம் அந்தப் பெண்ணின் மேல் இல்லை.

"ஒரு தடவ சொல்லித்தான் தொலச்சா என்னளா? கொறஞ்சா போயிருவ?" என்றாள்.

அம்மாவே அப்படிச் சொன்னது, மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் வலித்தது.

படிப்பு முடிந்ததும் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்காகச் சுங்கத்துறைக் காரியங்களை முடித்துக் கொடுக்கிற வேலை. எங்களிடம் வந்தவை பெரும்பாலும் உலர்ந்த பூக்களும் மருந்துக்குப் போகிற நிலாவரை இலையும் கருவாடும். சேர்ந்த முதல் நாளே பக்கத்து மேசைக்காரர் என் அழுகையைத் தன் ரிங்டோனாக வைத்துக்கொண்டார். எடுங்கள் என்று அந்த நாளில் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. கண்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு, கப்பல் கிளம்ப நேரம் நெருங்கும்போது, போனில் கத்துகிற ஏற்றுமதியாளருக்கு என் முகம் ஒரு பொருட்டில்லை. "சரக்கு ஏறுமா, ஏறாதா?" அதுதான் கேள்வி. ஏறும் என்று சொல்லி ஏற்றிக் காட்டுவேன். சுங்கத் தரகர் உரிமத்துக்கான தேர்வை எழுதினேன். எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் தேறினேன். சில ஆண்டுகளில் சொந்தமாக அலுவலகம் போட்டேன். இன்று என்னிடம் வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ரிங்டோன்காரர் தன் மகளுக்கு வேலை கேட்டு வந்தார். கொடுத்தேன். மகள் என்ன செய்வாள்?

இதெல்லாம் இப்படியே போயிருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். போன ஆண்டு ஊரின் வணிகர் சங்கம் ஒன்று, தொழில் செய்யும் பெண்களுக்கு விருது கொடுக்க என்னையும் தேர்ந்தெடுத்தது. அதன் தலைவர் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். அவரே கடைக்கு வந்து அழைத்தார். "நம்ம ஊருப் பிள்ளைக்கு நாமதான செய்யணும்" என்றார். அப்பா அலமாரியிலிருந்து பட்டுக்கரை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தார்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் "வணக்கம்" என்றதுமே எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. தாடி வைத்திருந்தார், கோட்டு போட்டிருந்தார். ஆனால் அதே குரல். அன்று பள்ளிக்கூட வாசலில் மைக் நீட்டியவர். இப்போது அவருடைய சேனலுக்கு அலுவலகம், ஆட்கள், வேன் எல்லாம் இருந்தன.

என் முறை வந்ததும் விளக்கை அணைத்தார்கள். மேடையின் பின்சுவர் அளவுக்கு என் அழுத முகம் வந்து நின்றது. விக்கல் ஒலிபெருக்கியில் கேட்டது. மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள்கூட வயிறு குலுங்கச் சிரித்தார்கள். விளக்கு எரிந்ததும் அவர் முழங்கினார்.

"அன்னைக்கு அழுத பொண்ணு, இன்னைக்குச் சாதனைப் பெண்மணி! இந்த முகத்தை முதன்முதலா உலகத்துக்குக் காட்டினது நான்தான்னு சொல்லிக்கிறதுல எனக்குப் பெருமை!"

கைதட்டினார்கள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடையில் பருப்பு நிறுக்கும்போது குனிகிற மாதிரியே.

நான் மேடையேறி மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"இத யாரக் கேட்டுப் போட்டிய?"

"சர்ப்ரைஸ் மேடம்!" என்று சிரித்தார்.

"அன்னைக்கு யாரக் கேட்டுப் போட்டிய?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "மேடம், பாசிட்டிவா எடுத்துக்கணும். அந்த வீடியோ இல்லைன்னா உங்களுக்கு ஜெயிக்கணும்னு இந்த வெறி வந்திருக்குமா?"

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைக் கேலி செய்ததைக்கூட விடுங்கள். நான் கண் எரியப் படித்ததும், வெயிலில் துறைமுக வாசலில் நின்றதும் அவர் போட்ட விதையில் முளைத்தவையாம்!

"எனக்கு ஒரு வெறியும் வரல. வேல பிடிச்சிருந்துது, செஞ்சேன். நீங்க அத போடாம இருந்தா ஒரு வருசம் வீட்டுக்குள்ள அடஞ்சு கெடந்திருக்க மாட்டேன். இந்த எடத்துக்கு இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன். ஒரு பிள்ள அழுதா தண்ணி குடுப்பாவ. நீங்க மைக்க நீட்டுனிய. இதுல பெரும வேற!"

அழகாகப் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது. அதைக் கண்டதும் மண்டபத்தில் அங்கங்கே போன்கள் உயர்ந்தன. இத்தனை சொன்ன பிறகும்! சங்கத் தலைவர் எழுந்து வந்து, "விடும்மா, நல்ல நாளும் அதுவுமா" என்றார்.

"விருத நீங்க தாங்க அண்ணாச்சி, வாங்கிக்கிடுதேன். அது என் வேலைக்கு. அவரு கை அதுல பட வேண்டாம்."

வாங்கிக்கொண்டு இறங்கினேன். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

நானும் அப்பாவும் காரில் திரும்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினேன். அப்போதுதான் அப்பா சொன்னார்.

"அந்த வீடியோ வந்த வாரமே நான் அவனப் போயிப் பாத்தேன்ளா. எடுத்துருப்பா, வயசுப் பிள்ளைன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஓசியில வெளம்பரம் அண்ணாச்சி, கடப் பேரயும் சேத்துப் போட்டுரவான்னு கேட்டான்."

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு மண்டபத்துக்கே போக வேண்டும் போலிருந்தது. இத்தனை ஆண்டும் இதை இவர் தனியாக வைத்துக்கொண்டு, அந்த உளுந்துப் பேச்சையும் கேட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறார். "வீட்டுக்குப் போ" என்றார் அப்பா. போனேன்.

மறுநாள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். அவர் தன் சேனலிலிருந்து அந்த வீடியோவை எடுத்தார். மனம் திருந்தி எடுக்கவில்லை, வழக்குக்குப் பயந்து எடுத்தார். பிரதிகள் இன்னும் உலவுகின்றன. கூடவே மேடையில் நான் அழுதுகொண்டே கோபப்பட்டதும் இப்போது உலவுகிறது, 'திமிர்' என்ற தலைப்போடு. அவமானத்தை எப்படிக் கடந்து வந்தீர்கள் என்று கேட்டுச் சிலர் பேட்டிக்கு அழைக்கிறார்கள். அழுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.

சங்கத் தலைவர் ஒரு நாள் கடைக்கு வந்து அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். நான் அப்போது உள்ளறையில்தான் இருந்தேன்.

"ஒங்க பிள்ளைக்குக் கோவம் சாஸ்தி அண்ணாச்சி."

"ஆமா அண்ணாச்சி" என்றார் அப்பா. "எனக்குத்தான் வரவேண்டிய நேரத்துல வரல."