கிடங்கில் காணாமல் போன பதிவுகள்

என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கண்ணெதிரே காய்ச்சிய பாலையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பூட்டிய கதவைத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். இப்படிப்பட்டவருக்கு வாய்த்தது மருந்துக் கிடங்கில் சரக்கிருப்புப் பார்க்கும் வேலை.

எந்த மருந்து எத்தனை பெட்டி இருக்கிறது என்பதெல்லாம் அங்கே டேட்டாபேஸில் இருக்கும். அதில் மற்றவர்கள் கையால் அடித்து ஏற்றினால் எவனாவது எதையாவது மாற்றிவிடுவான் என்று இவருக்குப் பயம். "நடுவுல ஒருத்தனும் வேணாம். நானே நேரா அதுகிட்ட பேசிக்கிறேன்" என்று வீடியோ பார்த்துப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னார். நான் என்ன, தலைவலி மாத்திரையைக் கடத்தப் போகிறேனா?

ஒரு வழியாக டேட்டாபேஸோடு இணைப்புக் கிடைத்தது. அன்றே புதுச் சரக்கையெல்லாம் தன் புரோகிராம் வழியாக ஏற்றினார். சாயங்காலம் வரை அதை மூடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எல்லாம் இருந்தது. மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் போய்த் திறந்தால் ஒன்றையும் காணோம். திரும்ப ஏற்றினார், திரும்பவும் மாயம்.

என் தம்பிக்கும் அங்கேதான் வேலை, சரக்கு அனுப்பும் பிரிவில். பதிவை அழிக்கும் உரிமை இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். போதாக்குறைக்கு அவன் வெள்ளந்தியாக வந்து, "மாமா, நீங்க ஏத்துனது எதுவும் என் ஸ்கிரீன்ல வரவே இல்லையே" என்று சொல்லியிருக்கிறான். இவர் ஸ்கிரீனில் அந்த நேரத்தில் அத்தனையும் இருந்ததாம்.

"உன் தம்பி கைவரிசைதான். என்னை மட்டம் தட்டிட்டு என் சீட்டுல உக்காரப் பாக்குறான்."

"அவனா? அவனுக்கு அவ்ளோ சாமர்த்தியம் ஏதுங்க? சந்தேகம்னா அவனையே கேட்டுடுங்களேன்."

"திருடன்கிட்டயே போய்க் கேக்கச் சொல்றியா?"

அந்த வேலையை விட்டால் தம்பிக்கு வேறு கதி இல்லை. நான் எவ்வளவோ மன்றாடியும் மேனேஜரிடம் புகார் போய்விட்டது. விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்று தம்பியை அனுப்பிவிட்டார்கள்.

டேட்டாபேஸைப் பராமரிக்கும் பெண்மணி வந்து இவருடைய புரோகிராமைப் படித்துப் பார்த்தாராம்.

"கமிட் எங்க சார்?"

"என்ன கமிட்?"

"நீங்க ஏத்துறது, கமிட், அதாவது 'நிரந்தரமாப் பதிஞ்சுக்கோ'ங்கற கட்டளை, குடுக்கற வரைக்கும் உங்க இணைப்புக்கு மட்டும்தான் தெரியும். புரோகிராமை மூடினா அதுவே ரத்தாயிடும். யாரும் எதையும் அழிக்கல."

அப்போதும் இவர் விடவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்து, ஏற்றி, மூடிவிட்டு, அடுத்த மேஜைக் கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்திருக்கிறார். எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமலே இதைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவரோடு பேசவே இல்லை.

தம்பிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் ஞாயிறு தவறாமல் சாப்பிட வருகிறவன் வரவில்லை. கடைசியில் இவரே போன் போட்டார்.

"தப்புப் பண்ணிட்டேன்டா. மனசுல வெச்சுக்காத. சாப்பிட வா."

தம்பி மெதுவாகக் கேட்டான்.

"நிஜமாவே நீங்க கூப்பிடுறீங்களா மாமா? இல்ல, அக்கா பக்கத்துல நின்னு சொல்லச் சொல்றாளா?"

என் தம்பி இப்படியெல்லாம் கேட்கிற ஆளே இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.