காலிக்குடம் ரெக்கார்ட்ஸ் முதலாளி

"சாயாவுல சீனி இல்லே, விபினே. சாயாவுல சீனி இல்லே. உன் மனசு ஃபோன்ல கெடக்கு, எனக்கு இங்க நாக்கு கசக்கு."

நல்லசிவம் அண்ணாச்சி எந்தக் குறையையும் ஒரே தடவையில் சொல்லி விடமாட்டார். குறையை இரண்டு தடவை சொல்வார். மூன்றாவதாக, அதற்குக் காரணமான ஆளைப் பிடிப்பார். முட்டுவலியோ, படகு தாமதமோ, மருமகனோ, எல்லாவற்றுக்கும் இதே முறைதான். மட்டாஞ்சேரி சாயாக்கடை விபினுக்கு இது பழகிப்போயிற்று. முதல் தடவையிலேயே சீனியைப் போட்டுவிட்டு, மீதி இரண்டையும் கேட்பதற்காகப் பொறுமையாக நிற்பான்.

அண்ணாச்சியின் குடும்பம் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்தது. தமிழ் பேசுவார், வாசிக்க மலையாளம்தான் வரும். தெருத் தெருவாகப் போய்க் குடிநீர்க் குழாய்களின் வால்வைத் திறந்து மூடுவது உத்தியோகம். அதற்கான நெடிய இரும்புச் சாவி எப்போதும் தோளில் இருக்கும். யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் வாங்க வரும் வெள்ளைக்காரர்கள் அந்தச் சாவியைப் பார்த்துவிட்டு விலை கேட்பார்கள். "இது விக்கானில்லே" என்பார், இரண்டு தடவை. மூன்றாவதாகச் சர்க்காரைத் திட்டுவார்.

இவர்தான் ஒரு ப்ளூஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் நிறுவனர். சிரிக்க வேண்டாம், நான் அந்தத் தட்டை வைத்திருக்கிறேன். கம்பெனி ஒரு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

ஜூ டவுனில் அனீஷ் என்பவரின் பழம்பொருள் கடையில் ஒருநாள் அண்ணாச்சி மழைக்கு ஒதுங்கினார். உள்ளே ஒரு தட்டு சுழன்றுகொண்டிருந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டு, சங்கடத்தைச் சொல்லிப் பாடுவது என்றார் அனீஷ். பாடுகிறவன் ஒரு வரியை இரண்டு தடவை பாடினான், மூன்றாவதாக வேறொன்றைப் பாடி முடித்தான். அண்ணாச்சி நனைந்த துண்டைப் பிழிவதை நிறுத்தினார்.

"இது நம்ம குழாயடிப் பேச்சுல்லா சேட்டா. இவனைவிட நல்லாப் பறையுற ஆளு உங்க கடைக்குப் பின்னாலயே உண்டு."

அந்த ஆள் இசக்கிசெல்வி. இட்லி சுட்டு விற்பவள். அனீஷின் கடைக்குப் பின்புறச் சந்தில் கடைசி வீடு. குழாய்த் தண்ணீர் அந்தச் சந்துப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. விடிந்ததும் காலிப் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துத் தட்டிக்கொண்டே ஆரம்பிப்பாள்:

"தண்ணி வரல்லியே, மாவாட்ட என்ன செய்வேன்,
தண்ணி வரல்லியே, மாவாட்ட என்ன செய்வேன்,
வால்வு தொறக்குற மவராசன் வாயப் பொளந்து ஒறங்குறானே."

அந்த மகராசன் சாட்சாத் அண்ணாச்சிதான். தன்னைத் திட்டும் பாட்டைத் தானே கைக்காசு போட்டுத் தட்டாக்கிய முதலாளி வேறு யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள், நானே மாலை வாங்கிப் போடுகிறேன். கம்பெனிக்குக் காலிக்குடம் ரெக்கார்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அனீஷ் கூட்டாளி. தாளவாத்தியம், அதே பிளாஸ்டிக் குடம்.

தட்டுகள் வடநாட்டில் அச்சாகி வந்து இறங்கின. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று வாங்கினார்கள், ஆனால் பாடவைக்கும் பெட்டி யாரிடமும் இல்லை. எனவே தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக வைத்தார்கள். "மூடி கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. நடுவுல எதுக்கு ஓட்டை? கொசு போவுமே" என்று கமலாக்ஷி சேச்சி திருப்பிக் கொண்டுவந்தார். அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. ஓட்டையில் தக்கை ஒன்றை அடைத்து அவரிடமே கொடுத்தனுப்பினார்.

அப்புறம்தான் கம்பெனிக்கு யோகம் அடித்தது. கடையில் அந்தப் பாட்டைக் கேட்ட ஒரு ஜெர்மன்காரர், இன்னும் எட்டுப் பாட்டு வேண்டும், தானே பதிவு செய்து தன் நாட்டில் வெளியிடுகிறேன் என்றார். அண்ணாச்சி தரையில் நடக்கவில்லை. விசிட்டிங் கார்டு அடித்தார். மகளின் மாமியாருக்குக்கூட ஒன்று கொடுத்தார்.

பதிவு நாளன்று அனீஷுக்கு ஒரு யோசனை. கடைவாசலில் அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு ராட்சத வெண்கல உருளி கிடந்தது. அதற்குள் குனிந்து பாடினால் குரல் கணீரென்று திரும்பி வருமே. சுமட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உருளியைக் கடைக்குள் நகர்த்தினார்கள். அது கிடந்த இடத்தில் ஓர் இரும்பு மூடி தெரிந்தது.

அண்ணாச்சி மண்ணைத் துடைத்துப் பார்த்தார். பின்சந்துக்கான வால்வு. ஆபீஸ் வரைபடத்தில் இருந்து, தரையில் மட்டும் இல்லாமல் போன வால்வு. அதைத் தேடி அவர் தோண்டாத இடமில்லை. கம்பெனி உட்கார்ந்திருந்ததே அதன் தலைமேல்தான்.

அனீஷ் அவர் காதோடு சொன்னார்: "அண்ணாச்சி, பாட்டு கழியட்டே. எட்டும் கழிஞ்சிட்டுத் திறந்தா போதும்."

நியாயமான பேச்சுதான். நிறைகுடம் தளும்பாது, பாடவும் பாடாது என்பது அண்ணாச்சிக்குத் தெரியாதா? மூடியின் மேல் துண்டை விரித்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

கடைக்குள் இசக்கிசெல்வி உருளிக்குள் குனிந்து பாடினாள். முதல் வரி. மறுபடி அதே வரி. மூன்றாவதில் மகராசன் வந்தான். அண்ணாச்சி எத்தனையோ தடவை தொடையில் தட்டி ரசித்த வரி அது. அன்றைக்கு அவர் தொடையில் தட்டவில்லை. உட்கார்ந்திருந்த இடம் சுட்டிருக்க வேண்டும். எழுந்தார், துண்டை உதறினார். "போதும்டே, பாவம்" என்று முனகி, சாவியை மாட்டித் திருப்பினார்.

ஜெர்மன்காரரின் கருவியில் அந்தக் காலை அப்படியே இருக்கிறது. அரைப் பாட்டு, ஒரு வால்வின் நீண்ட கிறீச்சல், பின்சந்துப் பெண்களின் கூச்சல். பிறகு இசக்கிசெல்வி குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுகிறாள். அந்தக் குடம் உருளிக்குள் விழுந்த சத்தம்தான் காலிக்குடம் ரெக்கார்ட்ஸின் கடைசிப் பதிவு.

அதன்பின் அண்ணாச்சி முயற்சி செய்யாமல் இல்லை. "கொசுவப் பத்திப் பாடேன்" என்று கேட்டார். "கொசு எல்லாருக்கும் உள்ளதுதானே அண்ணாச்சி" என்றாள் அவள். கேஸ் சிலிண்டர் விலையைச் சொன்னார். அவள் குடத்தில் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தாள், பாட்டு வரவில்லை. "அடுத்த சங்கடம் வந்தா முதல்ல உங்ககிட்டதான் பறைவேன்" என்று ஆறுதல் சொல்லி, அரை டஜன் இட்லி கட்டிக் கொடுத்தாள். எனக்கு அந்த மனுஷரை நினைத்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். கம்பெனியைத் தன் கையால் மூடினார் என்பார்கள். திறந்தல்லவா மூடினார்.

நேற்றுக் காலை அவரைப் பின்சந்து வால்வடியில் பார்த்தேன். திறந்துவிட்டார், தண்ணீர் ஓடிற்று. அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாவியைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், மூடும் பக்கமாகத் திருப்பிவிட்டுச் சந்தின் கோடிக்குக் காதைக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, தண்ணி மெலியுது" என்றது இசக்கிசெல்வியின் குரல்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் சாவியில் தாளம் போட்டன. இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தார்.

"சாயா போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க."

அண்ணாச்சியின் விரல்கள் நின்றன. சாவியை இரண்டு கையாலும் பிடித்து, இனித் திரும்பாது என்னும் மட்டும் திறந்துவிட்டார்.