திரேசக்காவின் காலடியில் தட்டிய ஸ்டியரிங்

வட்டுவாகல் பாலம் வந்ததும் திரேசக்கா காரிலிருந்து இறங்கிவிடுவாராம். அவர் கணவர் அந்தோனி அண்ணை காரை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோக, அக்கா பின்னால் நடந்து வருவாராம். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய பாலம். ஓரத்தில் தடுப்பென்று சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு பக்கமும் களப்புத் தண்ணீர். "என்ன அண்ணை, மனிசியோட கோவமோ எண்டு சைக்கிளில போறவனெல்லாம் கேக்கிறான்" என்று அண்ணை என்னிடம் வந்து முறையிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அந்தக் காரின் ஸ்டியரிங்கை இரண்டு கிழமைக்கு முன்னர்தான் நான் திருத்தி, "இனிப் பயமில்லாமல் ஓடுங்கோ" என்று அனுப்பியிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் வட்டக்கச்சியில் எனக்கு ஒரு கராஜ் இருந்தது. அவர்கள் இருவரும் முல்லைத்தீவுக் கரையோரத்து ஆட்கள். கிழமைக்கு இரண்டு தரம் கருவாடு கொண்டுவந்து எங்கள் பக்கம் விற்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்திருந்ததும் வட்டக்கச்சியில்தான். அவர்களின் பழைய ஏ போட்டி (A40) கார் மண்ணெண்ணெயில் ஓடியது. அந்த நாளில் வன்னியில் எந்தக் கார்தான் பெற்றோலில் ஓடியது? கார் கண்ணுக்குத் தெரிய முன்னரே கருவாட்டு வாசம் கராஜுக்குள் வந்துவிடும்.

குறை இதுதான். ஸ்டியரிங்கை நாலு விரல் அகலம் திருப்பினாலும் சில்லு அசையாது. பள்ளத்தில் விழுந்தால் முன்பக்கம் "டக், டக்" என்று தட்டும். முதல் தரம் ஜக் போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. சில்லு திரும்பும் அச்சின் உறையான கிங்பின் பூஸ் தேய்ந்திருந்தது. போர்க்காலத் தடையால் உதிரிப்பாகம் எதுவும் வவுனியாவைத் தாண்டி வராத காலம் என்பதால், பித்தளைத் துண்டு ஒன்றைக் கடைந்து நானே பூஸ் செய்து போட்டேன். சில்லின் ஆட்டம் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் இருந்தது. "பழைய கார் அண்ணை, சத்தம் போடும்தானே" என்றேன். மெக்கானிக் ஒருவன் சொல்லக்கூடாத வசனம் அது. வெட்கமில்லாமல் சொன்னேன்.

இரண்டாம் தரமும் ஜக் போட்டுத் தூக்கினேன். ஸ்டியரிங் பெட்டி, டை ரொட் முனைகள், சில்லு பெயறிங் எல்லாவற்றையும் பிடித்து அசைத்தேன். எதுவும் ஆடவில்லை.

"எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு அண்ணை."

அண்ணைக்குப் பின்னால் நின்ற திரேசக்கா கிட்ட வந்தார். "தம்பி, நீர் எப்பவும் இவரைத்தான் கேக்கிறீர். பக்கத்தில இருக்கிற என்னை ஒருக்கா எண்டாலும் கேட்டனீரோ? அந்தத் தட்டு இவற்ர கையில இல்லை. என்ர காலுக்குக் கீழதான் தட்டுது."

"அது சில்லிலயிருந்து வாற அதிர்வு அக்கா."

"அதிர்வோ? நான் வள்ளத்தில வளந்தவள். எந்தப் பலகை தட்டுதெண்டு என்ர காலுக்குத் தெரியாதோ? ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு எங்கட கோயில்ல ஞானஸ்நானம். இண்டைக்கு மகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகவேணும். பச்சைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பாலத்தில இறங்கி நடக்கவோ, சொல்லும்!"

அப்போதுதான் யோசித்தேன். காருக்குக் கீழே நின்று வேலை செய்வதற்கு என் கராஜில் ஆளுயரத்துக்கு வெட்டிய ஒரு கிடங்கு இருந்தது. செல்லடிக்குப் பயந்து அதன்மேல் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டுப் பங்கராக்கியிருந்தோம். அதன் பிறகு எந்தக் காரையும் தூக்கி வைத்துத்தான் பார்த்தேன். சில்லு அந்தரத்தில் நின்றால் ஸ்டியரிங் மூட்டுகளில் பாரம் இராது. பாரமில்லாத மூட்டு தன் குறையைக் காட்டாது.

கராஜுக்குப் பின்னால் வயல் வாய்க்கால் ஒன்று தண்ணீரில்லாமல் கிடந்தது. இடப்பக்கச் சில்லுகள் ஒரு வரம்பிலும் வலப்பக்கச் சில்லுகள் மற்ற வரம்பிலும் நிற்கும்படி காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாய்க்காலுக்குள் மல்லாந்து படுத்தேன். அக்காவை அவர் வழக்கமாக இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொன்னேன்.

"அண்ணை, ஸ்டியரிங்கை இஞ்சாலும் அங்காலும் ஆட்டுங்கோ!"

ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு போனேன். இடப்பக்கத்தில், ஸ்டியரிங் தண்டின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் என்ற சின்னப் பெட்டி, காரின் அடிச்சட்டமான செசியை விட்டுத் துள்ளியது. அதே நேரம் மேலே அக்கா காலால் உதைத்தார். "இஞ்சை! இஞ்சைதான்!"

"நீங்கள் சொன்னதுதான் சரி அக்கா!" என்று புழுதிக்குள் கிடந்தபடி கத்தினேன்.

பெட்டியைக் கழற்றியதும் என் சந்தோஷம் போய்விட்டது. பெட்டிக்கும் செசிக்கும் நடுவில் நசுங்கிய தகரத் துண்டொன்று, நீலப் பெயின்ற்றோடு இருந்தது. என் கராஜில் கிடந்த பிஸ்கற் பேணியின் தகரம். போன வருடம் வேறொரு திருத்தத்துக்கு வந்தபோது இடைவெளியை நிரப்ப, தற்காலிகமாக என்று நானே வெட்டிச் செருகி, பிறகு மறந்துபோனது. தகரம் நசுங்க, போல்ட் இளகி, ஓட்டையும் தேய்ந்துவிட்டது. குறையை நானே வைத்துவிட்டு, காருக்கு வயது போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

மறைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பாலமும் பச்சைப்பிள்ளையும் கண்ணுக்குள் நின்றன. தகரத்தை அக்காவின் கையில் கொடுத்தேன். "இது என்ர வேலை அக்கா."

அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிஸ்கற் பேணியை நம்பியோ தம்பி இவ்வளவு நாளும் ஓடினனாங்கள்?" என்று சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை.

பழைய கலப்பை இரும்பில் தடித்த தட்டொன்று வெட்டி, கைத்துளைப்பானால் ஓட்டைகளைப் பெருப்பித்து, டிராக்டர் போல்ட் போட்டு இரட்டை நட்டால் இறுக்கினேன். நாலு விரலாக இருந்த ஸ்டியரிங்கின் வெறும் ஆட்டம் அரை விரலுக்கு வந்தது.

"நல்லது. இப்ப நீரும் ஏறும்" என்றார் அக்கா. "பாலம் தாண்டினாப்பிறகு இறங்கலாம்."

முன்னால் பிள்ளையோடு அக்கா. பின்னால் மகளும் நானும். பாலத்தடியில் அண்ணை பழக்கதோஷத்தில் காரை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"ஏன் நிண்டனீங்கள்? எடுங்கோ" என்றார் அக்கா.

பாலத்தின் பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் என் நெஞ்சுதான் தட்டியது, கார் தட்டவில்லை. மறுகரையில் அக்கா திரும்பி, பிள்ளையை என் மடியில் வைத்தார். அது முழிக்கவே இல்லை.

இந்த வேலை பழகுகிற தம்பிமாரே, ஸ்டியரிங் பார்க்கும்போது சில்லு நிலத்தில் நிற்கட்டும், ஜக் பிறகு. தற்காலிகமாகச் செருகியதை எழுதி வையுங்கள். கார் கொண்டுவருகிற ஆளிடம் நான் இன்றைக்கும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "பக்கத்து சீற்றில இருந்துகொண்டு வந்தது ஆர்?"