கிரிசாந்தோ குடிக்காத காப்பி

போர்ட்டோ ரிக்கோ தீவின் ஹயூயா மலையில் இருக்கும் சிறு தோட்டங்களுக்கு ஒப்துலியா முப்பது வருடமாகக் காப்பிக் கொட்டை வாங்கப் போய்வருகிறாள். கிரிசாந்தோவின் தோட்டத்துக்கு அன்றுதான் முதல் முறை. அவன் கொட்டை போட்டுவந்த ஆலை மூடிவிட்டது. இவளும் வேண்டாம் என்றால், தோட்டத்தை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வந்தவளுக்கு முதலில் காப்பி கொடுத்தான். கரி வாடை அடித்தது; உடைசல் கொட்டை. ஒப்துலியாவுக்கு அம்மாவின் அடுப்படி அப்படியே நினைவுக்கு வந்தது. அங்கேயும் நல்லதை விற்றுவிட்டு, கழித்துப் போட்டதைத்தான் வறுத்துக் குடித்தார்கள்.

"இதைக் குடிச்சுப் பாத்தா எவன்யா வாங்குவான்? மூட்டையில இருக்கிறதை வறு."

"விக்கிறதைப் போய் யாராவது குடிப்பாங்களா அக்கா?"

"இன்னைக்கு நாம குடிப்போம்."

வறுத்து, அரைத்து, துணியில் வடிகட்டினான். ஒரு வாய் குடித்தவன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாப்பது வருஷமா இதையா அனுப்பிக்கிட்டிருந்தேன்?"

"ஆமா. எல்லா மூட்டையையும் நானே எடுத்துக்கிறேன். உனக்குன்னு ஒரு படி எடுத்து வச்சுக்கோ."

பிறகு, ஆறிப்போயிருந்த அந்த உடைசல் காப்பியை எடுத்து, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.